வாளி வைப்பதும் கூரை வேய்வதும்: கிறிஸ்தவம் சொல்லும் நீதி பற்றி ஓர் எளிய விளக்கம்

"நீதி என்றால் என்ன?" என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டேன். "தப்பு பண்ணினவனுக்கு அடி விழுறது" என்றான் ஒரு பையன். அடுத்த வாரம் பெரியவர்கள் கூடிய வேதபாட வகுப்பில் அதே கேள்வியைப் போட்டேன். "இல்லாதவர்களுக்குக் கொடுப்பது" என்றார் ஒருவர். "கிறிஸ்துவுக்குள் நாம் நீதிமான்களாக எண்ணப்படுவது" என்றார் இன்னொருவர். எந்தப் பதிலும் முழுத் தவறு கிடையாது. ஆனால் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பொருளில் பேசினோம். ஒன்றரை மணி நேரம் போயிற்று, எதுவும் பிடிபடவில்லை.

'விசுவாசம்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். இப்போது புதிதாக 'இன்க்ளூசிவ்', அதாவது எல்லாரையும் சேர்த்துக்கொள்வது, என்ற சொல்லும் சபைகளில் அடிபடுகிறது. சிலருக்கு அதைக் கேட்டாலே உற்சாகம், சிலருக்கு எரிச்சல். இரண்டு பக்கமும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நின்று கேட்பதில்லை.

இறையியல் படிக்காதவர்களுக்காக, கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்காகவும்தான், இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இந்த மூன்று சொற்களும் ஒன்றோடொன்று எப்படி மாட்டிக்கொண்டிருக்கின்றன என்று பார்ப்போம்.

ஒழுகும் அறை

மழைக்காலம். வீட்டில் ஓர் அறை ஒழுகுகிறது. முதலில் என்ன செய்வோம்? வாளியைக் கொண்டுவந்து வைப்போம். கொட்டுகிற மழையில் கூரைமேல் ஏற முடியாது, அந்த நேரத்துக்கு வாளிதான் வழி. வைத்தவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மழை விடுகிறது. யாரும் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை. அடுத்த மழைக்கு இன்னும் பெரிய வாளி வருகிறது. அதற்கடுத்த மழைக்கு, வாளித் தண்ணீரை யார் எப்போது கொட்டுவது என்று முறை வைத்து ஒரு குழுவே அமைகிறது. சில வருடங்களில் வாளிக் குழுவுக்கு ஆண்டு விழா, புகைப்படம், பொன்னாடை எல்லாம் வந்துவிடுகின்றன. அந்த அறையில் படுக்கிற ஆள் மட்டும் இன்னும் நனைந்துகொண்டிருக்கிறார்.

வாளி என்பது தர்மம்: தேவையில் இருப்பவருக்கு அப்போதைக்குச் செய்யும் உதவி. கூரையைச் சரிசெய்வது நீதி: அந்தத் தேவை திரும்பத் திரும்ப வருவதற்கான காரணத்தைக் கையில் எடுப்பது. இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைச் செய்ததாக நினைத்துக்கொள்வதில்தான் முக்கால்வாசிக் குழப்பமும் தொடங்குகிறது.

இந்த உவமையில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. ஒழுகுகிற அறையில் எப்போதும் அதே ஆள் ஏன் படுக்கிறார்? அறைகளைப் பிரித்துக் கொடுத்தது யார்? கூரையைப் பற்றிப் பேசக் கூடும்போது அவரைக் கூப்பிட்டார்களா? சேர்த்துக்கொள்வது பற்றிய பேச்சு முழுக்க இந்தக் கேள்வியிலிருந்து கிளம்புவதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நியாயமும் நீதியும்: ஏன் இரண்டு சொற்கள்?

தமிழ் வேதாகமத்தை வாசித்தவர்களுக்கு 'நியாயமும் நீதியும்' என்ற ஜோடி பழக்கமானது. அழகுக்காகச் சேர்த்த அடுக்குமொழி என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். மூலமொழியான எபிரெயத்திலேயே அவை இரண்டு தனிச் சொற்கள்.

நியாயம் என்று வரும் இடங்களில் பெரும்பாலும் இருப்பது 'மிஷ்பாத்'. வழக்கைக் கேட்டு, பறிக்கப்பட்டதை உரியவருக்கு வாங்கித் தருவது அதன் பொருள். நீதி என்று வரும் இடங்களில் இருப்பது 'செதாக்கா'. மனிதருக்கும் மனிதருக்கும், மனிதருக்கும் கடவுளுக்கும் நடுவில் உறவு இருக்கவேண்டிய விதத்தில் இருப்பது அது. செதாக்காவை உடல்நலம் என்று வைத்துக்கொண்டால், மிஷ்பாத் சிகிச்சை. உடல்நலம் இருந்தால் சிகிச்சைக்கு வேலை குறைவு. நோய் வந்த பிறகு சிகிச்சை இல்லாமல் உடல்நலம் திரும்பாது.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன், ஆமோஸ் என்ற மேய்ப்பர் தெற்கே தெக்கோவாவிலிருந்து கிளம்பி, வடநாடான இஸ்ரவேலின் ஆலய நகரமான பெத்தேலுக்குப் போய்ப் பேசினார். நாடு செழிப்பாக இருந்த காலம். திருவிழாக்கள், பலிகள், பாட்டு, வீணை என்று வழிபாட்டுக்குக் குறைவே இல்லை. ஆமோஸ் வேறொன்றைப் பார்த்தார். வியாபாரிகள் அளவைக் குறைத்து, எடைக்கல்லைக் கனமாக்கி, கள்ளத் தராசு வைத்திருக்கிறார்கள். ஏழையை ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்கு வாங்குகிறார்கள். பண்டிகை எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். உங்கள் பாடல்களின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள் என்று கடவுள் சொல்வதாக அறிவித்துவிட்டு, அந்த இரட்டைச் சொல்லைக் கொண்டுவருகிறார்: "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது."

அவர் ஒலிமுகவாசல் என்ற இடத்தையும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அது வெறும் நகர வாசல் இல்லை. பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து வழக்குகளைக் கேட்பார்கள், ஊர் நீதிமன்றம் அதுதான். குடும்பத்து ஆண்கள்தான் பெரும்பாலும் அங்கே நின்று பேசுவார்கள். விதவை, திக்கற்ற பிள்ளை, பரதேசி என்ற மூவரையும் பழைய ஏற்பாடு இத்தனை முறை சேர்த்துச் சொல்வதன் காரணம் இப்போது புரியும். அவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள் என்பதற்காக மட்டும் இல்லை. வாசலில் அவர்களுக்காகப் பேச ஆள் கிடையாது. கூரை ஒழுகுகிறது என்று சொல்லவே அவர்களுக்கு இடமில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தர்மம் அவசரத்துக்கு, நீதி காரணத்துக்கு. வேதாகமத்தில் நீதி என்பது தண்டனையைவிட விரிந்தது. பறிபோனதை மீட்டுத் தருவதும் உறவைச் சரியாக்குவதும் அதில் அடக்கம்.

வயலின் ஓரம், ஏழாம் வருடம், ஐம்பதாம் வருடம்

சரி, நல்ல எண்ணம் எல்லாருக்கும் இருக்கிறது. அதை ஏற்பாடாக மாற்றுவது எப்படி? பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள் இந்த இடத்தில் நம்மில் பலர் நினைப்பதைவிட நுணுக்கமானவை.

அறுவடையில் வயலின் ஓரங்களை ஒட்ட அறுக்கக் கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது, அது ஏழைக்கும் பரதேசிக்கும் என்கிறது லேவியராகமம். ரூத் என்ற மோவாபியப் பெண் பெத்லகேமில் கதிர் பொறுக்கியது இந்தச் சட்டத்தின் நிழலில்தான். இதில் கவனிக்க ஒன்று உண்டு. நிலத்துக்காரர் கோதுமையையோ பார்லியையோ அள்ளி யாருக்கும் கொடுப்பதில்லை. யார் வரலாம் என்று அவர் தேர்ந்தெடுப்பதும் இல்லை. வருகிறவர் தன் கையால் அறுத்து, தன் தலையில் சுமந்து போகிறார். கை நீட்டவோ நன்றி சொல்லவோ வேண்டியதில்லை, ஏனென்றால் ஓரம் முதலிலிருந்தே அவருடையது.

அப்புறம் ஏழாம் வருடம். ஏழு வருடத்துக்கு ஒருமுறை கடனை விட்டுவிட வேண்டும் என்கிறது உபாகமம் 15ஆம் அதிகாரம். மனித மனம் எப்படி வேலை செய்யும் என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. விடுதலை வருடம் நெருங்குகிறதே என்று கணக்குப் போட்டு ஏழைக்குக் கடன் கொடுக்காமல் இருந்துவிடாதே என்று அதே அதிகாரம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. அடிமையாக வேலை செய்த எபிரெயரை விடுவிக்கும்போது வெறுங்கையோடு அனுப்பாதே, ஆட்டுமந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் கொடுத்து அனுப்பு என்கிறது.

இந்த ஒரு வரியைப் பிற்காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் தன் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அதற்காக உழைத்தவர்களில் கிறிஸ்தவர்கள் ஏராளம், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அந்தச் சட்டத்தோடு 2 கோடி பவுண்டு இழப்பீடும் ஒதுக்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை. பெரும்பாலோர் 1838 வரை 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் அதே முதலாளியிடம் வேலை செய்யவேண்டி வந்தது. வெறுங்கையோடு அனுப்பாதே என்ற வசனம் அந்த நாடாளுமன்றத்தில் இருந்தவர்களின் வேதாகமத்திலும் இருந்திருக்கும்.

ஐம்பதாம் வருடத்துக்கு யூபிலி என்று பெயர். கடனில் மூழ்கி விற்ற குடும்ப நிலம் அந்த வருடம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். அதனால் நிலத்தின் விலையும், அடுத்த யூபிலிவரை எத்தனை அறுவடை மிச்சமிருக்கிறது என்று எண்ணித்தான் போடப்படும். அதாவது நிலம் விற்கப்படுவதில்லை, விளைச்சல்தான் விற்கப்படுகிறது. ஒரு தலைமுறையின் தோல்வி அடுத்த தலைமுறையின் தலையெழுத்தாக ஆகாமல் தடுக்கும் ஏற்பாடு இது.

இவற்றைப் பொற்காலச் சட்டங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. யூபிலி சொல்லப்படும் அதே லேவியராகமம் 25ஆம் அதிகாரம், அந்நியரை நிரந்தர அடிமையாக வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. எரேமியாவின் காலத்தில் சிதேக்கியா ராஜாவும் எருசலேமின் பிரபுக்களும் உடன்படிக்கை செய்து அடிமைகளை விடுவித்தார்கள். கொஞ்ச நாளிலேயே மனம் மாறித் திரும்பப் பிடித்து அடிமைப்படுத்தினார்கள். சட்டம் எழுதினால் போதாது என்பதற்கு வேதாகமமே வைத்திருக்கும் சாட்சி அது.

நாசரேத்தில் கோபம் வந்தது எந்த இடத்தில்?

இயேசு வளர்ந்த ஊர் நாசரேத். அங்கே ஜெப ஆலயத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் சுருளை வாங்கி, தரித்திரருக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்று வாசிக்கிறார். அந்த வருஷம் யூபிலியை நினைவூட்டுகிறது. "இந்த வேதவாக்கியம் இன்று நிறைவேறிற்று" என்கிறார். எல்லாரும் ஆச்சரியப்பட்டு அவரைப் பற்றி நல்லபடியாகப் பேசுகிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு பழைய கதைகளை நினைவுபடுத்துகிறார். பஞ்சகாலத்தில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருக்க, எலியா தீர்க்கதரிசி அனுப்பப்பட்டது சீதோன் நாட்டுச் சரெப்தா ஊர் விதவையிடம். இஸ்ரவேலில் எத்தனையோ குஷ்டரோகிகள் இருக்க, எலிசாவின் காலத்தில் சுகமானது சீரியனாகிய நாகமான். உடனே கூட்டம் கொதித்து எழுந்து, மலை உச்சியிலிருந்து அவரைத் தள்ளிவிடக் கொண்டுபோகிறது.

விடுதலை வருகிறது என்றபோது யாருக்கும் கோபம் இல்லை. அது அந்நியருக்கும் வருகிறது என்றபோதுதான் கோபம் வந்தது. நீதியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முறியும்.

விருந்தாளியா, வீட்டாரா?

சேர்த்துக்கொள்வது என்றவுடன் நம் மனதில் வருவது கதவைத் திறந்துவைப்பது. "எங்கள் சபைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கும். ஆனால் வீட்டுக்கு வரும் விருந்தாளியை நினைத்துப் பாருங்கள். நல்ல நாற்காலியில் உட்காரவைப்போம், முதலில் அவருக்குத்தான் பரிமாறுவோம். இருந்தும் அவர் அலமாரியைத் திறக்க மாட்டார், நாற்காலியை இடம் மாற்ற மாட்டார், குழம்பில் உப்பு குறைவு என்று வாய்திறந்து சொல்ல மாட்டார். வீட்டார் இதையெல்லாம் செய்வார்கள். சண்டைகூடப் போடுவார்கள்.

எபேசு சபைக்கு எழுதிய கடிதத்தில், யூதரல்லாத கிறிஸ்தவர்களைப் பார்த்து, நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளும் அல்ல, தேவனுடைய வீட்டார் என்று வருகிறது. நல்ல விருந்தாளிகள் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. ஆக இந்தக் கட்டுரையில் சேர்த்துக்கொள்வது என்றால் இதுதான் பொருள்: உள்ளே விடுவது மட்டும் போதாது, வீட்டின் முடிவுகளில் பங்கும் தருவது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு, ஆதி சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எருசலேமின் முதல் சபை. விதவைகளுக்கு அன்றாடம் உணவு பங்கிடுகிறார்கள். அங்கே இரண்டு கூட்டம்: உள்ளூர் மொழி பேசும் எபிரெயர், வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய, கிரேக்க மொழி பேசும் யூதர். தங்கள் விதவைகள் மட்டும் பந்தியில் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்க மொழிக்காரர்கள் முறுமுறுத்தார்கள்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "முறுமுறுக்காதீர்கள், சபையில் ஒற்றுமை முக்கியம்" என்று ஒரு பிரசங்கம் வைத்திருப்போம். அல்லது, இனிமேல் பார்த்துக் கொடுங்கள் என்று பங்கிடுபவர்களிடம் சொல்லியிருப்போம். அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டி, ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்டவர்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. சாதாரணமாக வாசித்தால் இது வெறும் பெயர்ப் பட்டியல். ஆனால் ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசி ஆள் பிறப்பால் யூதரே அல்லர், அந்தியோகியாவிலிருந்து வந்து யூத மார்க்கத்தைத் தழுவியவர். விடுபட்டுப்போன கூட்டத்தின் கையில், அவர்களுக்கு மட்டுமில்லை, எல்லாருக்குமான பங்கீட்டுப் பொறுப்பும் கொடுக்கப்பட்டதாகத் தெரிகிறது.

புகார், அதைக் காதுகொடுத்துக் கேட்பது, பொறுப்பை மாற்றிக் கொடுப்பது. நடந்தது இந்த மூன்றுதான்.

இரண்டு அதிகாரம் தள்ளி இன்னொரு காட்சி. எத்தியோப்பிய ராணி கந்தாகேயின் பொக்கிஷத் தலைவர் எருசலேமுக்குப் போய் வழிபட்டுவிட்டு, ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டே திரும்புகிறார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவரை 'மந்திரி' என்கிறது. கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு அண்ணகர் என்று பொருள், அதாவது விதை நீக்கப்பட்டவர். 'மந்திரி' என்று வாசித்துப் பழகிய நமக்கு கதையின் பாதி எடை தெரியாமலே போய்விடுகிறது. ஏனென்றால் உபாகமம் 23 அப்படிப்பட்டவர் கர்த்தரின் சபைக்குள் வரக் கூடாது என்கிறது. அத்தனை தூரம் பயணம் செய்து போனவருக்கு அங்கே முழு இடம் கிடைத்திருக்க வழியில்லை. அவர் கையிலிருந்த அதே ஏசாயாவின் சுருளில், 56ஆம் அதிகாரத்தில், வேறொரு குரல் இருக்கிறது: அண்ணகன் "இதோ, நான் பட்டமரமென்று" சொல்ல வேண்டாம், என் ஆலயத்தில் குமாரரையும் குமாரத்திகளையும்விட உத்தம நாமத்தை அவனுக்குத் தருவேன் என்று. அந்த ஏழு பேரில் ஒருவரான பிலிப்பு வழியில் அவரோடு ரதத்தில் ஏறி, வாசித்ததை விளக்கினார். பிலிப்பிடம் அவர் கேட்ட கேள்வியை இந்தப் பின்னணியோடு வாசியுங்கள்: "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" தடைகளை நன்றாக அறிந்த ஒருவர் கேட்கிற கேள்வி அது. பிலிப்பு ரதத்தைவிட்டு இறங்கி அவரோடு தண்ணீருக்குள் போகிறார்.

ஆக, சேர்த்துக்கொள்வதற்கு இரண்டு படி. உள்ளே வரத் தடையாக இருப்பதை எடுப்பது ஒன்று. உள்ளே வந்தவரிடம் பொறுப்பையும் கொடுப்பது மற்றது. முதல் படியோடு நிறுத்திக்கொள்வதுதான் நம் வழக்கம்.

பந்தி பிரிந்தால் என்ன ஆகும்?

கொரிந்து சபை வீடுகளில் கூடியது. வசதியானவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருக்கிறார்கள். அப்போஸ்தலர் பவுல் கோபப்பட்டு எழுதுகிறார்: நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே (இயேசுவை நினைவுகூர்ந்து அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து) இல்லை. ஜெபம் சரி, அப்பம் சரி, ஆனாலும் அது அது இல்லை. அவர் தரும் தீர்வு ஒரே வரி: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்."

சாப்பாட்டு விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று தோன்றலாம். தென்னாப்பிரிக்காவின் கதை அதற்குப் பதில் சொல்லும்.

அங்கே கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சபையில் வெள்ளையரும் மற்றவர்களும் ஒரே திருவிருந்தில் பங்கெடுக்கலாமா என்ற சச்சரவு எழுந்தது. நிற வேறுபாடில்லாமல் எல்லாருக்கும் ஒரே திருவிருந்து என்றே 1829இல் சபையின் மாமன்றம் முடிவு சொன்னது. 1857இல் பிடி தளர்ந்தது. சேர்ந்து வழிபடுவதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கு ஏற்றது என்று அதே தீர்மானம் ஒத்துக்கொண்டது. ஆனால் 'சிலருடைய பலவீனத்தின்' காரணமாகத் தனித்தனியாகக் கூடலாம் என்று அனுமதி கொடுத்தது. சங்கடப்பட்ட வெள்ளை உறுப்பினர்களைத்தான் பலவீனர் என்றார்கள். 1881இல் வெள்ளையர் அல்லாதோருக்கென்று தனிச் சபையே உருவானது. விதிவிலக்கு வழக்கமாகி, வழக்கம் கொள்கையாகி, அதற்கு வசனங்களும் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டன. 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி நிறவெறியை நாட்டுச் சட்டமாக்கத் தொடங்கியபோது, அதற்கு இறையியல் ஆதரவு ஆயத்தமாக இருந்தது.

எதிர்ப்பும் பந்தியிலிருந்து தள்ளப்பட்ட அந்தச் சபையிலிருந்தே வந்தது. 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டு என்று அறிவித்தது. அதே வருடம், பிரிக்கப்பட்ட அந்தச் சபை பெல்ஹாரில் ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து, 1986இல் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி மூன்றையும் பிரிக்க முடியாது என்பதே அதன் சாரம்.

'காத்திருங்கள்' என்ற சொல் அமெரிக்காவிலும் வந்தது, தலைகீழாக. 1963 ஏப்ரலில் அலபாமாவின் வெள்ளை மதத் தலைவர்கள் எட்டுப் பேர், பர்மிங்காமில் கறுப்பின மக்கள் நடத்திய போராட்டம் நேரம் கெட்ட நேரத்தில் நடக்கிறது என்று அறிக்கை விட்டார்கள். சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய நீண்ட பதில் அவர்களுக்குத்தான். பவுல் காத்திருக்கச் சொன்னது வயிறு நிறைந்தவர்களை. பர்மிங்காமில் காத்திருக்கச் சொல்லப்பட்டது பசித்தவர்களை.

வழக்கமாக வரும் இரண்டு மறுப்புகள்

"இதெல்லாம் அரசியல், சபைக்கு எதற்கு?" ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்பதும் ஒரு சட்டம் யாரை நசுக்குகிறது என்று கேட்பதும் வேறு வேறு. முதலாவது சபைக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணமும். இரண்டாவதை ஆமோஸ் செய்தார். 1857இல் எடுத்ததும் அரசியல் முடிவுதான், எடுத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை என்றாலும்.

"எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் ஒழுங்கு என்று ஒன்று இருக்காதே?" இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். ஆதி சபைக்கும் இந்தக் கவலை வந்தது. யூதரல்லாதவர்கள் விருத்தசேதனம் (ஆண்களின் முன்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்தால்தான் உள்ளே வரலாமா என்று எருசலேமில் கூடி விவாதித்தார்கள். அப்போஸ்தலர் 15இல் அது இருக்கிறது. விருத்தசேதனம் வேண்டாம் என்று முடிவானது. ஆனால் விக்கிரகங்களுக்குப் படைத்ததையும் இரத்தத்தையும் வேசித்தனத்தையும் விலக்குவது போன்ற சில ஒழுங்குகளை வைத்தார்கள். எந்த விதி வீட்டைக் காக்கிறது, எந்த விதி வெறும் தாழ்ப்பாள் என்று பிரித்துப் பார்த்தார்கள். அதற்கு முன் பேதுருவையும் பவுலையும் பர்னபாவையும் பேசவிட்டு, யூதரல்லாதவர்கள் நடுவில் கடவுள் என்ன செய்தார் என்று கேட்டார்கள்.

பெண்களின் குருத்துவ அபிஷேகம், ஒருபாலீர்ப்பாளர்களின் இடம் போன்றவற்றில் இன்று சபைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான நிலையில் இருக்கின்றன. இரு பக்கமும் வேதத்தை நேசிப்பவர்கள் உண்டு. ஒரு தொடக்கக் கட்டுரையில் அதைத் தீர்த்துவைக்க நான் முயலப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்பேன்: விவாதிக்கப்படுகிறவர் அந்த அறைக்குள் இருக்கிறாரா?

இதில் விசுவாசம் எங்கே வருகிறது?

நாய் விசுவாசமுள்ள பிராணி என்கிறோம். அங்கே என்ன பொருளில் சொல்கிறோம்? எஜமான் ஒருவர் இருக்கிறார் என்று நாய் மனதுக்குள் ஒத்துக்கொள்கிறது என்றா? விட்டுப் போகாது, கூடவே நிற்கும், ஆபத்தில் குறுக்கே பாயும் என்றுதானே. 'நன்றி விசுவாசம்' என்ற பேச்சிலும் அதே பொருள்தான். ஆலயத்துக்குள் வந்தவுடன் மட்டும் இந்தச் சொல் சுருங்கி, சில உண்மைகளைச் சரி என்று ஒப்புக்கொள்வது என்று ஆகிவிடுகிறது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'பிஸ்டிஸ்'. நம்புவது, நம்பத்தக்கவராக இருப்பது இரண்டுக்கும் அந்த ஒரே சொல். நம் தெருப்பேச்சு விசுவாசம் அதற்கு மிக நெருக்கமாக இருக்கிறது. கடவுள் ஒருவர் என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று புதிய ஏற்பாட்டுக் கடிதம் ஒன்றில் யாக்கோபு கிண்டலாகச் சொல்வதும் இதனால்தான். ஒப்புக்கொள்வது மட்டும் போதுமென்றால் பிசாசும் தேறிவிடும்.

அப்படியானால் நற்செயல் செய்துதான் இரட்சிப்பு வாங்க வேண்டுமா? இல்லை. இந்தக் கேள்வியால் பதினாறாம் நூற்றாண்டில் மேற்கத்திய சபையே பிளந்தது. 1999இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் ஒத்துக்கொண்டது, கிருபையால்தான் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நற்செயல்கள் அதன் கனி என்பது. மரம் காய்ப்பதால் மரமாவதில்லை. காய்க்கவே காய்க்காத மாமரத்தைப் பற்றி யாரும் சந்தேகப்படாமலும் இருப்பதில்லை.

மூன்று சொற்களும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஒரு காட்சி மாற்கு 2இல் இருக்கிறது. கப்பர்நகூமில் ஒரு வீட்டில் இயேசு பேசுகிறார். வாசலுக்கு வெளியேயும் இடமில்லாத கூட்டம். நடக்க முடியாத ஒருவரை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். கதவு பூட்டியிருக்கவில்லை. வராதே என்று யாரும் சொல்லவும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் நல்லவர்கள், வசனம் கேட்க வந்தவர்கள். வழியை அடைத்துக்கொண்டு நின்றதும் அவர்கள்தான்.

நான்கு பேரும் கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, படுக்கையை இறக்கினார்கள். அடுத்த வரியை மாற்கு இப்படி எழுதுகிறார்: இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு". காதால் கேட்டதாக எழுதவில்லை. கண்டதாக எழுதுகிறார். பெயர்ந்த கூரையும் கீழே உதிர்ந்த மண்ணும் அங்கே எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் எழுந்து, படுக்கையை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்பாக வெளியே போகிறார். கூரை வழியாகத் திரும்ப ஏறிப் போயிருக்க மாட்டார். வாசல் வழியாகத்தான் போயிருப்பார். அவர் உள்ளே வரும்போது நகராத கூட்டம் இப்போது நகர்ந்திருக்கிறது.